அழாத குழந்தைகள்

1948இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் ஆராய்ச்சிக்காக லண்டன் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டுக்குப் போனபோது, வார்டு அமைதியாக இருந்தது. மூன்று வயது நிரம்பாத குழந்தைகள் கம்பி வைத்த கட்டில்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர்களுக்கு அதில் நிறைவு. சேர்த்த அன்றைக்கு அழும், இரண்டு மூன்று நாளில் பழகிவிடும், பெற்றோர் வந்து முகத்தைக் காட்டினால்தான் மறுபடி அழுகை தொடங்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். ராபர்ட்சனுக்கோ அந்த அமைதிதான் பயத்தைத் தந்தது.

பெற்றோரை எட்ட நிறுத்துவது அன்றைக்கு எழுதப்பட்ட விதி. 1949இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரங்களை ஒருவர் தொகுத்து வெளியிட்டார். கைஸ் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி முதல் 4 மணி வரை. செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் பார்க்கவே முடியாது. இரவு 7 மணிக்கு மேல் தூங்கும் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். வெஸ்ட் லண்டன் மருத்துவமனையில் அதுவும் இல்லை. தொற்று பரவும் என்ற பயம் ஒரு காரணம். பெற்றோர் வந்து போனால் வார்டு அமளிதுமளியாகிறது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பலமான காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ராபர்ட்சன் மருத்துவர் இல்லை. ஸ்காட்லாந்தில் தொழிலாளர் குடும்பமொன்றில் 1911இல் பிறந்தவர். போர்க்காலத்தில் சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட், குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காக ஹாம்ப்ஸ்டெட்டில் காப்பகம் நடத்தினார். அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்வது ராபர்ட்சனின் வேலை. அவருடைய மனைவி ஜாய்ஸும் அதே காப்பகத்தில் கைக்குழந்தைகளைக் கவனித்தார். அன்னா ஃப்ராய்ட் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்: யாராக இருந்தாலும், குழந்தைகளிடம் கண்டதை அப்படியே அட்டையில் எழுதி வைக்க வேண்டும். கொதிகலன்காரரும் எழுதினார். அந்தப் பயிற்சிதான் பின்னாளில் மனநல மருத்துவர் ஜான் பவுல்பியிடம் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. தாயைப் பிரிந்த குழந்தைகளைக் கவனித்து எழுத ஓர் ஆள் பவுல்பிக்குத் தேவைப்பட்டது.

வார்டுகளில் உட்கார்ந்து எழுதிய ராபர்ட்சன், குழந்தைகள் கடக்கும் மூன்று கட்டங்களைக் கண்டார். முதலில் எதிர்ப்பு: கத்தும், கட்டிலைக் குலுக்கும், வாசலையே பார்க்கும். அடுத்து நம்பிக்கை இழப்பு: அழுகை குறையும், விளையாட்டில் மனம் போகாது, ஒரே இடத்தில் கிடக்கும். மூன்றாவது விலகல்: சிரிக்கும், சாப்பிடும், யார் தூக்கினாலும் போகும், தாய் வந்தால் மட்டும் யாரோ வந்ததுபோல் பார்க்கும். வார்டு ‘பழகிவிட்டது’ என்று சொன்னது இந்த இரண்டாவது, மூன்றாவது கட்டங்களைத்தான். பெற்றோர் வந்ததும் அழுகிறதே என்று குறைப்பட்டார்களே, அந்த அழுகை குழந்தை இன்னும் கைவிடவில்லை என்பதன் அடையாளம்.

இதை எடுத்துச் சொன்னபோது மருத்துவர்கள் நம்பவில்லை. படம் எடுத்துக் காட்டுவதென்று முடிவு செய்தார். சினிமா எடுத்த அனுபவம் அவருக்குக் கிடையாது. கையில் பிடிக்கும் சிறு கேமரா, ஒலிப்பதிவு இல்லை, தனி விளக்குகள் இல்லை. தனக்கு வசதியான காட்சிகளைப் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தோர் பட்டியலிலிருந்து குழந்தையை முன்தேர்வு இல்லாமல் எடுத்தார். நாள்தோறும் முன்கூட்டியே குறித்த நேரத்தில் படம் பிடித்தார். சுவர்க் கடிகாரம் அந்தக் காட்சிகளுக்குச் சாட்சி.

லாரா என்ற அந்தக் குழந்தைக்கு வயது இரண்டு ஆண்டு ஐந்து மாதம். தொப்புளில் குடலிறக்கம், எட்டு நாள் தங்க வேண்டும். வயதுக்கு மீறி அடக்கம் தெரிந்த பெண் அவள். படத்தில் பெரிய கதறல் எதுவும் இல்லை. முகம் இறுகுகிறது, தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. ஒரு நர்ஸ் அன்பாகப் பக்கத்தில் வந்து விளையாட்டுக் காட்டினால், அந்தக் கணத்தில் அடக்கி வைத்தது உடைந்து அம்மாவைக் கேட்டு அழுகிறாள். நர்ஸ் நகர்ந்ததும் பழையபடி இறுக்கம். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தன் சாமான்கள் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்கிறாள். அம்மா கையை நீட்டுகிறாள். லாரா பிடிக்க மறுக்கிறாள்.

1952 நவம்பரில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் இந்தப் படத்தைத் திரையிட்டபோது கூட்டம் கொதித்தது. மருத்துவத் தொழிலையே இழிவுபடுத்திவிட்டதாகக் குற்றம் சாட்டினார்கள். அன்று கோபப்பட்டவர்களில் ஒருவர் டெர்மட் மெக்கார்த்தி என்ற குழந்தை மருத்துவர். தன் வார்டுக்குத் திரும்பிய பிறகுதான், படத்தில் பார்த்தது தன் கண்முன்னாலேயே நடந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். பிறகு அமர்ஷாமில் அவருடைய வார்டில் தாய்மார் பிள்ளையோடு தங்கலாம் என்றானது. ராபர்ட்சனின் அடுத்த மருத்துவமனைப் படம், 1958இல் வந்தது, அந்த வார்டில் எடுக்கப்பட்டதுதான். தவறு என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்ட அந்த மருத்துவரின் நேர்மை, ராபர்ட்சனின் பிடிவாதத்துக்குக் குறைந்ததில்லை.

1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளின் தாய்மார் உடன் தங்க வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்திலேயே கிடக்காமல் நடைமுறைக்கு வரக் காரணம், 1961இல் பிபிசி தொலைக்காட்சியில் ராபர்ட்சனின் படக் காட்சிகளைப் பார்த்துவிட்டு லண்டனில் ஒன்றுகூடிய தாய்மார்கள். அவர்கள் தொடங்கிய அமைப்பு மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேள்வி கேட்டது.

சரி, குழந்தை எப்போதிலிருந்து பிரிவை உணர்கிறது? நான்கு மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்கா தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே போகும். அதே குழந்தை ஒன்பதாம் மாதத்தில் அம்மா குளிக்கப் போனாலும் கதவைத் தட்டி அழும். ‘கெட்டுப்போச்சு, ரொம்ப ஒட்டிக்கிச்சு’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் மூளை ஒரு படி ஏறியிருக்கிறது. எட்டு மாதவாக்கில் குழந்தைக்குக் கண்ணில் படாத பொருளை மனத்தில் வைத்துக்கொள்ள முடிகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் சொந்தக் குழந்தைகளிடம் பொம்மையைத் துணிக்கடியில் மறைத்துப் பார்த்து இதை விளக்கினார். அதற்கு முந்தைய வயதில் துணியை விலக்கித் தேடுவதில்லை. அம்மா இங்கே இல்லை, ஆனால் எங்கேயோ இருக்கிறாள் என்பது தெரியத் தொடங்கும்போதுதான் அவள் இல்லாதது வலிக்கும். எப்போது வருவாள் என்று கணக்கிட மட்டும் அந்த வயதில் வழியில்லை.

ஹார்வர்டின் ஜெரோம் கேகன் இதை நாடு விட்டு நாடு ஒப்பிட்டார். ஆப்பிரிக்காவின் கலஹாரியில் நாள் முழுக்கத் தாயின் இடுப்பிலேயே இருக்கும் குங் இனக் குழந்தைகள், இஸ்ரேலின் கிபுட்ஸ் குடியிருப்புகளில் பொது இல்லத்தில் வளர்ந்த குழந்தைகள், கௌதமாலாவின் குழந்தைகள், அமெரிக்கக் குழந்தைகள் என்று பல தரப்பிலும் பிரிவழுகை ஏறக்குறைய ஒரே வயதில் தொடங்கி, ஒரு வயதைத் தாண்டி உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் தணிகிறது. வளர்ப்பு முறை எவ்வளவோ வேறுபட்டும் கோடு ஒன்றுபோலவே ஏறி இறங்குகிறது. தன் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு என்று வருந்தும் தாய்மாருக்கு இந்த ஒரு கோட்டைக் காட்டினால் போதும்.

அழுகை வெளியே தெரிகிறது. அழாத குழந்தையின் உள்ளே என்ன நடக்கிறது? ஜெர்மனியில் காட்ஃப்ரீட் ஸ்பாங்லரும் கிளவுஸ் கிராஸ்மனும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைச் சில நிமிடங்கள் தாயிடமிருந்து பிரித்து, இதயத் துடிப்பையும் உமிழ்நீரில் உள்ள கார்ட்டிசாலையும் அளந்தார்கள். மனநெருக்கடியில் உடம்பு சுரக்கும் ஹார்மோன் அது. தாய் போனதும் அழுது, வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு தேறிய குழந்தைகளுக்குக் கார்ட்டிசால் ஏறவில்லை. தாய் போனதையும் வந்ததையும் கண்டுகொள்ளாதவர்கள்போலப் பொம்மையோடு இருந்த குழந்தைகளின் இதயமும் வேகமாகத்தான் துடித்தது, கார்ட்டிசாலோ ஏறியிருந்தது. லாராவின் இறுகிய முகத்தில் ராபர்ட்சன் படித்ததை ஆய்வுக்கூடம் நாற்பது ஆண்டு கழித்து எண்ணாகக் காட்டியது.

ஆனால் பிரிவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அம்மா வேலைக்குப் போக வேண்டும், அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும், அடுத்த பிரசவத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைக்கு உதவுவது எது என்ற கேள்விக்கு ராபர்ட்சன் தம்பதி 1960களின் பிற்பகுதியில் தங்கள் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கி விடை தேடினார்கள்.

தாய் இரண்டாவது பிரசவத்துக்குப் போன நாட்களில் சில குழந்தைகளை ஒவ்வொருவராக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதேபோல் தாய் பிரசவத்துக்குப் போனதால் காப்பகத்தில் விடப்பட்ட ஒரு குழந்தையை அங்கேயே போய்ப் படம் பிடித்தார்கள். அவன் பெயர் ஜான், வயது 17 மாதம், தங்கியது 9 நாள். வீட்டுக்கு வந்த ஜேனுக்கும் வயது 17 மாதம்தான். 10 நாள் தங்கினாள். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

ஜான் இருந்த காப்பகத்தில் கொடுமை எதுவும் இல்லை. நர்ஸுகள் இளம்பெண்கள், சிரித்த முகத்தோடு இருந்தார்கள். ஆனால் இந்தக் குழந்தை உன் பொறுப்பு என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. வேலை பிரித்துக்கொடுக்கப்பட்டது, குழந்தை அல்ல. ஜான் முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு நர்ஸிடமாகப் போய் நின்றான், மடியில் ஏறினான், அவள் பணிநேரம் முடிந்து போனாள், அல்லது அடம்பிடிக்கத் தெரிந்த வேறு குழந்தை இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஆட்களை விட்டுவிட்டுப் பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டான். சாப்பாட்டை ஒதுக்கினான். ஒன்பதாம் நாள் தாய் வந்து கையை நீட்டியபோது அலறித் திமிறினான். அவள் மடியில் இருக்க மறுத்தான்.

ஜேனுக்கு நடந்தது வேறு. பிரசவத்துக்கு முன்பே ஜாய்ஸ் அவள் வீட்டுக்குப் போய்வந்தார். ஜேனும் இவர்கள் வீட்டுக்கு வந்துபோனாள். எப்போது தூங்குவாள், எதைச் சாப்பிடுவாள், அழுதால் எப்படித் தேற்றுவது என்று தாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவளுடைய போர்வை, பொம்மை, அம்மாவின் புகைப்படம் எல்லாம் கூடவே வந்தன. தந்தை பார்க்க வந்துபோனார். இவ்வளவுக்கும் பிறகு ஜேன் அழாமலா இருந்தாள்? அழுதாள், கோபப்பட்டாள். ஒருநாள் தன் வீட்டுத் தோட்டத்தின் கேட்டை அடையாளம் கண்டு திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. தணிந்த சுவருக்கு மேலே வெறுமையான தோட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். ஆனால் அழுத ஒவ்வொரு முறையும் அழுவதற்கு ஒரே மடி இருந்தது. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எதுவும் குலையவில்லை. தாய் வந்ததும் அவளிடம் போனாள்.

இங்கே பவுல்பிக்கும் ராபர்ட்சனுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. நல்ல மாற்றுத் தாய் இருந்தால் அந்த மூன்று கட்டங்களே வருவதில்லை என்றார் ராபர்ட்சன். அதே துயரம்தான், அளவு குறைவு, அவ்வளவே என்றார் பவுல்பி. ஜேன் அந்தச் சுவரருகே நின்றதைப் பார்க்கும்போது பவுல்பி சொன்னதைத் தள்ள முடியவில்லை. ஆனால் அந்த ‘அளவு’தான் ஜானையும் ஜேனையும் வேறுபடுத்தியது, பெற்றவர்களுக்கு அதுவே முக்கியம்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னர் குழுவினர் 1992இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளை அரை மணி நேரம் முன்பின் தெரியாத பெண்ணிடம் விட்டார்கள். சிலரிடம் அந்தப் பெண் அழுதால் தேற்றுவாள், மற்றபடி தன் வேலையைப் பார்ப்பாள். சிலரிடம் நேரம் முழுக்க முகம் பார்த்துப் பேசி விளையாடுவாள். இரண்டாம் வகைக் குழந்தைகளுக்குப் பிரிவின்போது ஏற வேண்டிய கார்ட்டிசால் ஏறவில்லை. அவள் புதியவள்தான், அந்த அரை மணி நேரமும் குழந்தையோடு இருந்தாள். டே கேர் பார்க்கப் போகும் பெற்றோர் பொம்மைகளையும் சுவர் வண்ணத்தையும் சிசிடிவியையும் விசாரிக்கிறார்கள். ஒரு ஆயா எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், தினமும் அதே ஆயாதான் இருப்பாரா, எத்தனை நாளாக இங்கே வேலை செய்கிறார் என்று கேட்பவர்கள் குறைவு.

பெர்லினில் 1980களில் உருவான பழக்கப்படுத்தும் முறையை ஜெர்மனியின் பல காப்பகங்கள் கைக்கொள்கின்றன. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு ஒரு மணி நேரம் போல அங்கே உட்கார்ந்திருப்பார்கள், பிரிவே இல்லை. நான்காம் நாள் குழந்தையிடம் சொல்லிக்கொண்டு சில நிமிடம் வெளியே போவார்கள். காப்பாளர் தேற்றி அழுகை அடங்கினால் அரை மணி வரை நீட்டலாம். அடங்காவிட்டால் உடனே திரும்பி வர வேண்டும், அடுத்த சில நாட்களுக்கு மறுபடி முயலக் கூடாது. சில குழந்தைகளுக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று வாரம். லீசலோட்டே ஆனர்ட் என்ற ஆய்வாளர் பெர்லினில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 70 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் முடிவை வெளியிட்டார். தாய் உடன் உட்கார்ந்திருந்த நாட்களில், தாயோடு நல்ல பிணைப்புள்ள குழந்தைகளுக்குக் கார்ட்டிசால் தெளிவாகக் குறைவு. தாய் கிளம்பியபின் முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தைகளின் கார்ட்டிசால் வீட்டில் இருந்ததைவிட 75 முதல் 100 சதவீதம் வரை ஏறியது. பிணைப்பு நன்றாக இருந்த குழந்தைகள்தான் அப்போது கூடுதலாக அழுதார்கள். தாய் அதிக நாள் உடனிருந்து பழக்கிய குழந்தைகளின் பிணைப்பு கெடவில்லை. சிலருக்கு முன்பைவிட உறுதிப்பட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். 2017 திருத்தத்துக்குப் பின் மத்தியச் சட்டம் தரும் பேறுகால விடுப்பு 26 வாரம்; தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். கேகன் வரைந்த கோட்டில் இவற்றை வைத்துப் பார்த்தால், 26 வாரம் பிரிவழுகை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வருகிறது. 12 மாதம் கிட்டத்தட்ட உச்சத்தில் முடிகிறது. நீண்ட விடுப்பு தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. விடுப்பின் கடைசி மூன்று நான்கு வாரத்தைப் பழக்கப்படுத்துவதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்பதுதான் பொருள். நம் வீடுகளில் நடப்பது வேறு: திங்கள்கிழமை வேலையில் சேர வேண்டும், அதே திங்கள்கிழமை குழந்தைக்கும் டே கேரில் முதல் நாள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் மத்தியச் சட்டம் சொல்கிறது. முதல் சில வாரங்களில் அந்த நான்கு முறைகள் எவ்வளவு பெரிய உதவி என்பதை ராபர்ட்சனின் படங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

கிளம்பும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். “வா, காக்கா பார்க்கலாம்” என்று பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக, அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிடுவது பல வீடுகளில் காலை நேரக் காட்சி. அன்றைய அழுகை தப்பும். ஆனால் பார்க்காத நேரத்தில் அம்மா காணாமல் போவாள் என்று குழந்தை கற்றுக்கொண்டால், அடுத்த நாளிலிருந்து அவள் சமையலறைக்குப் போனாலும் புடவையை விடாது. அமெரிக்காவில் மார்ஷா வைன்ராபும் மைக்கேல் லூயிஸும் 1977இல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் கண்டது இதற்குப் பொருந்துகிறது: போய்விட்டு வருகிறேன், அதுவரை இதை வைத்து விளையாடிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டுப் போன தாய்மாரின் குழந்தைகள் குறைவாகக் கலங்கினார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கையில் கொடுத்துவிட்டு, கிளம்ப வேண்டும். திரும்பித் திரும்பி வந்து கட்டிக்கொள்வதும் உதவாது.

பழைய போர்வை, அம்மாவின் புடவைத் துண்டு போன்றவற்றைத் துவைக்கக் கூட விடாமல் சில குழந்தைகள் கட்டிக்கொண்டு திரியும். அதைப் பிடுங்க வேண்டாம். ரிச்சர்ட் பாஸ்மனும் பால் வைஸ்பர்கும் 1975இல் செய்த சோதனையில், போர்வையோடு ஒட்டுதல் உள்ள குழந்தைகள் புதிய அறையில் அந்தப் போர்வை இருந்தால், தாய் இருப்பதைப் போலவே கவலையில்லாமல் விளையாடினார்கள்.

மாலையில் கூட்டிவரப் போகும்போது இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். நாள் முழுக்கச் சமர்த்தாக இருந்தது என்று ஆயா சொல்வார். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை விம்மி விம்மி அழும், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டும் அம்மாவின் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. ஆயாவிடம் காட்டாததை அவளிடம் காட்டுகிறது. வீட்டுக்குப் போனதும் வேலைகளைத் தள்ளிவைத்துக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

ராபர்ட்சன் தம்பதியின் அனுபவத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. குழந்தை தாயிடம் திரும்பிய அன்றோடு அவர்கள் விலகிவிடவில்லை. அந்த வீடுகளுக்குப் போய்வந்து, பழக்கத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஏனென்றால் பத்து நாளில் ஜாய்ஸும் குழந்தைக்கு வேண்டியவராகியிருந்தார். அவரை இழப்பதும் பிரிவுதான். ஓராண்டாகப் பார்த்துக்கொண்ட ஆயாவைச் சம்பளத் தகராறில் ஒரே நாளில் நிறுத்தும் வீடுகளில் இதை யாரும் நினைப்பதில்லை. பிள்ளைப்பேறு பார்க்க அமெரிக்காவுக்குப் போய், ஆறு மாதம் பேரனைக் குளிப்பாட்டித் தூங்கவைத்து, விசா முடிந்து சென்னைக்கோ திருச்சிக்கோ திரும்பும் பாட்டிகளின் பிரிவும் இந்தக் கணக்கில் வரும். பாட்டி அழுவதை எல்லோரும் பார்க்கிறார்கள்; அடுத்த வாரம் குழந்தை காரணமின்றி இரவில் விழித்துச் சிணுங்குவதைப் பல் முளைக்கிறது என்கிறார்கள். பாட்டி கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே குளிப்பாட்டுவதையும் தூங்கவைப்பதையும் அடுத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். பிறகு வீடியோ அழைப்பும் ஓரளவு கைகொடுக்கும். 12 முதல் 25 மாதக் குழந்தைகளை வைத்து லாரன் மையர்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் நேரடி வீடியோ அழைப்பில் பேசிய ஆளைக் குழந்தைகள் பிறகு நேரில் இனம் கண்டார்கள்; முன்பே பதிவு செய்த வீடியோவில் பார்த்த ஆளிடம் அந்த ஒட்டுதல் வரவில்லை. குழந்தை கையைத் தட்டினால் திரையில் இருப்பவரும் உடனே தட்ட வேண்டும், சிரித்தால் சிரிக்க வேண்டும். பாட்டிகள் அதைச் சொல்லித்தராமலே செய்கிறார்கள். ஃபோனைக் குழந்தையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருக்க இந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும்.